விலை மட்டும் இறங்கிய கார்

யட்டியாந்தோட்டை பஸாரில் டைல் கடை வைத்திருக்கும் றிப்திக்குக் கார் வாங்கும் எண்ணம் மச்சான் ஹஸன் வீட்டு வாசலில்தான் வந்தது. ஹஸன் அவனுடைய மூத்த சகோதரியைக் கட்டியவர். இரத்தினபுரியில் மாணிக்கக்கல் வியாபாரி. அவருடைய மகளுக்குக் கலியாணம் பேசி முடித்த அன்று, றிப்தி மனைவி பஹ்மாவையும் மகள் அக்ஸாவையும் ஏற்றிக்கொண்டு தன் கடை வேனில் போனான். வேனின் பக்கவாட்டில் 'டைல்ஸ், பாத்ரூம் சாமான், சீமெந்து' என்று முழங்கை நீள எழுத்தில் எழுதியிருந்தது. கேட்டில் நின்ற காவல்காரர் அதைச் சிரத்தையாக வாசித்துவிட்டு, "சாமான் இறக்குற பின்பக்கம், முதலாளி" என்று கையைக் காட்டினார்.

மூவரும் புரியாணிச் சட்டிகளுக்கும் வெங்காய மூட்டைகளுக்கும் நடுவே நடந்து, சமையலறை வழியாக விருந்துக்குள் நுழைந்தார்கள். பஹ்மா அதை அன்றைக்கே மறந்துவிட்டாள். போகிற வழியில் சமையல்காரரிடம் வட்டிலப்பத்துக்கு எத்தனை முட்டை என்றுகூடக் கேட்டு வந்திருந்தாள். றிப்திதான் மறக்கவில்லை. விருந்து முழுக்க ஜன்னல் வழியே முன்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஹஸன் மச்சானின் கறுப்பு ஜீப் வெயிலில் பளபளத்துக்கொண்டு நின்றது.

இரண்டு கிழமை கழித்து, கொழும்பில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்துக்குள், வெள்ளை நிற ஜேர்மன் கார் ஒன்றுக்கு முன்னால் அவன் நின்றான். ஜப்பானில் ஆறு வருடம் ஓடிய மின்சாரக் கார். கதவில் கைபிடியே இல்லை. பக்கத்தில் போனால் உள்ளேயிருந்து வெளியே நீண்டு வந்தது. சலாம் சொல்லிக் கை நீட்டுவதுபோல் இருந்தது றிப்திக்கு.

"புதுசா எடுத்தா ஆறு கோடி, ஹாஜியார்" என்றான் விற்பனைக்கு நின்ற ஆள். "உங்களுக்கு ஒண்டே முக்கால்."

றிப்தி ஹஜ்ஜுக்குப் போனதில்லை. ஆனால் அதை எடுத்துச் சொல்ல அவனுக்கு அப்போது நேரம் வாய்க்கவில்லை.

"குறை ஏதும் ஈக்கா?"

"குறையா? பெற்றோல் இல்ல. ஒயில் மாத்திற இல்ல. பெல்ட் இல்ல, பிளக் இல்ல. செலவு எண்ட பேச்சே இல்ல. போனுக்குப் போடுற மாதிரி சார்ஜ் போட்டுட்டு நீங்க நிம்மதியா தூங்குங்க."

வீட்டுக்கு வந்து சொன்னதும் பஹ்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஆறு கோடிச் சாமான ஏன் ஒண்டே முக்காலுக்குக் குடுக்கிறாங்க?"

"பழசு எண்டா விலை இறங்கும்தானே."

"விலை இறங்கும். செலவும் சேந்து இறங்குமா?"

கேள்வியில்தான் ஏதோ பிழை என்று றிப்தி முடிவு செய்தான். வாப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் இறப்பர் காணி தொண்ணூற்றைந்து லட்சத்துக்குப் போனது. கையிருப்பு இருபது. மிச்சம் அறுபதை ஒரு லீசிங் கம்பனி மாதாமாதம் கட்டும் ஒழுங்கில் சந்தோஷமாகக் கொடுத்தது.

கார் பஸாருக்குள் வந்த நாளை யட்டியாந்தோட்டை இலேசில் மறக்காது. சத்தமே இல்லாமல் வந்ததால் முதலில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. றிப்தி தேவையில்லாமல் மூன்று தடவை ஹோன் அடித்தான். அதற்குப் பிறகு கூட்டம் சேர்ந்தது. "ஷா, மாரு வாகனயக்னே!" என்று சிங்களத்தில் மெச்சினார் பேக்கரி முதலாளி. த்ரீவீல்காரர்கள் ஸ்டாண்டை அப்படியே விட்டுவிட்டு வந்து கதவுக் கைபிடியை நீளவும் உள்ளிழுக்கவும் வைத்து விளையாடினார்கள். ஒருவர் விடாமல் எல்லோரும் விலை கேட்டார்கள். றிப்தி 'ஆறு கோடிக் கார்' என்று மட்டும் சொன்னான். அது பொய்யும் இல்லை.

காருக்குள் ஒரு ஜப்பானியப் பெண் குரல் இருந்தது. ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்தியதும் மிகவும் பணிவாக, நீளமாக, ஏதோ சொல்லும்.

"யாரு அவ? என்ன செல்றா?" என்றாள் பஹ்மா.

"எங்களுக்கு வரவேற்புச் செல்றா."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஆறு கோடிக் கார்தானே. மரியாதை தெரியும்."

முதல் நாள் பின்னேரமே காரை வீட்டுக்குள்ளிருந்து இழுத்த வயரில் செருகினார்கள். வீடு முழுக்கக் கரண்ட் போனது. மெயினைத் தூக்கிவிட்டு மறுபடி செருகினார்கள். மறுபடி போனது. மூக்கையாவுக்கு ஆள் அனுப்பினான் றிப்தி. மூக்கையா பக்கத்துத் தோட்டத்து இறப்பர் பக்டறியில் முப்பது வருடமாக எலக்ட்ரீசியன். ஐம்பது வயதைத் தாண்டியவர். அவசரம் என்பது அவருக்கு ஆகாது. மீட்டர் பெட்டியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார்.

"மொதலாளி, எங்க பக்டறியில ரோலர் மெசின் இழுக்கிற கரண்ட்ட இது ஒண்ணே கேக்குதுங்க. உங்க வீட்டு லைன் இதத் தாங்காது. மூணு ஃபேஸ் எடுக்கணும்."

"எவ்வளவு போகும், மூக்கையாண்ணே?"

"லைனுக்குக் கட்டணும், புதுசா வயர் இழுக்கணும், செவத்துல மாட்டுற சார்ஜர் பொட்டி வேற வாங்கணும். நாலரை லச்சம் எடுத்து வச்சிட்டு ஆரம்பிப்போமுங்க."

"செலவே இல்லையெண்டு சென்னானே அவன்."

"காருக்குத்தான இல்லைன்னு சொல்லியிருப்பாரு" என்றார் மூக்கையா. "ஊட்டுக்குச் சொல்லலையே."

மூன்று ஃபேஸ் வருவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை மூக்கையா கரண்டைக் குறைத்து வைத்துக் கொடுத்த சாதாரண சுவர்ப் பிளக்கில்தான் காருக்குச் சாப்பாடு. வயிறு நிறைய முப்பது மணித்தியாலம். அந்த முப்பது மணித்தியாலமும் வீட்டில் கேத்தல் போடக்கூடாது, அயன் பெட்டி போடக்கூடாது, உடுப்புக் கழுவும் மெசினைத் தொடவே கூடாது. அக்ஸா கசங்கிய யூனிபோர்முடன் பள்ளிக்கூடம் போய் டீச்சரிடம் ஏச்சு வாங்கினாள். பஹ்மா விறகடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்தாள். வெளியே கொட்டிலில், தார்ப்பாய்க்குக் கீழே, கார் மட்டும் நிதானமாகக் கரண்ட் குடித்துக்கொண்டிருந்தது. மாதம் ஆறாயிரம் வந்த பில் நாற்பத்தாறாயிரமாக வந்தபோது றிப்தி மீட்டர் வாசிக்க வந்தவரை மறித்து, எண்ணைத் திரும்ப ஒரு தடவை பார்க்கச் சொன்னான். அவரும் பார்த்தார். எண் மாறவில்லை.

பிறகு கரவனல்லைக்குப் போகிற வழியில் ஒரு குழி. பஸ்ஸும் லொறியும் வருடக்கணக்காக விழுந்தெழும்பிப் போகிற குழிதான். காரின் முன் டயர் வெடித்தது. அந்த அளவு டயர் இலங்கையில் ஒரு கடையிலும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். ஒன்றின் விலை ஒன்றரை லட்சம். ஒன்றை மட்டும் மாற்றக்கூடாதாம், சோடியாக மாற்ற வேண்டுமாம். டயர் வந்து மாட்டிய கிழமையிலேயே, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து பார்த்தால், பள்ளிவாசல் முன்னால் கார் இடது பக்கமாக முழங்கால் மடித்துப் படுத்திருந்தது. சக்கரத்துக்கு மேலே காரைத் தாங்கி நிற்கும் காற்றுப் பை கிழிந்துவிட்டதாம். ஒன்பது லட்சம். தொழுதுவிட்டு வந்தவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். காரே ஸஜ்தாச் செய்கிறதே என்று ஒருவர் சொல்ல, அந்தப் பேச்சு அன்று பின்னேரம் தெரணியகலை வரை போய்ச் சேர்ந்தது. காப்புறுதிக்காரர் வருடத்துக்கு ஐந்து லட்சம் கேட்டார். "நீங்க வாங்கின விலைக்கு இல்ல, சேர். கார்ட விலைக்கு" என்று அவர் விளக்கினார்.

பஹ்மா பில்களை ஒரு பச்சை பைலில் போட்டு வந்தாள். பைல் தடித்துக்கொண்டே போனது.

றிப்தியின் பழக்கவழக்கங்களும் மெல்ல மாறின. ஏசி போட்டால் கரண்ட் குறைகிறது என்று கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓட்டினான். ஏற்றம் வந்தால் மனைவியும் மகளும் பேச்சை நிறுத்திவிட வேண்டும்; பேச்சுக்கும் கரண்டுக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் கேட்கவில்லை. கடைசியில் மழை பெய்தால் எடுப்பதில்லை, மழை விட்டு ரோட்டில் தண்ணீர் நின்றால் எடுப்பதில்லை, வெயில் கூடினாலும் எடுப்பதில்லை என்றாகிவிட்டது. கடைக்குப் பழையபடி வேனில் போனான். பகல் சாப்பாட்டுக்கு வந்தால் பத்து நிமிடம் காருக்குள் போய், ஓட்டாமல், சும்மா உட்கார்ந்திருப்பான். அந்தப் பெண் வரவேற்புச் சொல்வாள். அவன் தலையாட்டுவான்.

ஆனால் ஹஸன் மச்சானின் மகள் கலியாணத்துக்குக் கார் போய்த்தான் ஆகவேண்டும். வாங்கியதே அதற்குத்தான். கலியாணத்துக்கு முந்தின நாள் பெருமழையில் எங்கோ மரம் விழுந்து கரண்ட் இல்லாமல் போனதால் கார் பாதிதான் நிறைந்திருந்தது. திரையில் நூற்றிருபது கிலோமீற்றர் என்று காட்டியது. இரத்தினபுரி அறுபதுதான். றிப்தி கணக்குப் பார்த்தான். போய்ச் சேர்ந்து மிச்சமும் இருக்கும்.

அவிசாவளை தாண்டியது. எஹலியகொடை தாண்டியது. குருவிட்டைக்குக் கிட்ட வந்தபோது, நாற்பத்தைந்து என்று நின்றிருந்த எண் கண்முன்னாலேயே ஒன்பது ஆனது. அந்தப் பெண் பேசத் தொடங்கினாள். திரையில் மஞ்சளாக ஒரு சின்னப் படம் எரிந்தது.

"வாப்பா, ஆமை" என்றாள் அக்ஸா.

"என்ன ஆமை?"

"கார்ல ஆமைப் படம் வந்தீக்கி."

ஆமை வந்த பிறகு கார் ஆமையாகவே ஆகிவிட்டது. அக்ஸிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் நடைவேகம்தான். தேயிலைக் கொழுந்து மூட்டை ஏற்றிய லேண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒன்று டுக்கு டுக்கு என்று வந்து அவர்களைத் தாண்டிப் போனது. அதன் மேல் உட்கார்ந்திருந்தவர் கார்க் கண்ணாடியில் தன் மீசையைச் சரிபார்த்துக்கொண்டார்.

"அவ என்னமோ செல்லிக்கிட்டே ஈக்கிறா" என்றாள் பஹ்மா. அக்ஸா போனை எடுத்து, மொழிபெயர்க்கிற ஆப்பைத் திறந்து, குரலுக்குக் கிட்டப் பிடித்தாள். தமிழில் எழுத்து வந்தது. மகள் சத்தமாக வாசித்தாள்: "பட்டரி அமைப்பில் கோளாறு உள்ளது. தயவுசெய்து உடனடியாக உங்கள் விற்பனையாளரைச் சந்திக்கவும்."

"இத இப்பதான் செல்றாளா?"

"இல்ல, உம்மா. டெய்லி செல்ற அதே சத்தம்தான். எனக்குப் பாடமா ஈக்கி."

அந்தப் பெண் அதையே மறுபடி ஒரு தடவை பணிவாகச் சொன்னாள்.

ஒரு ரொட்டிக் கடை வாசல்வரை கார் தவழ்ந்து போய் நின்றது. றிப்தி கோட்டும் டையுமாக இறங்கி, கடைக்காரரிடம் சிங்களத்தில் ஒரு பிளக் பொயின்ட் கேட்டான். அவர் போனுக்கு என்று நினைத்துச் சரி என்றார். காரிலிருந்து வயர் வந்ததைப் பார்த்துத் திகைத்தாலும், கேட்ட மனிதனின் முகத்தைப் பார்த்து ஐஸ்கிறீம் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிக் கொடுத்தார். ஒன்றரை மணித்தியாலம். பஹ்மா பட்டுச் சேலையோடு பெஞ்சில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தாள். உருகத் தொடங்கிய ஐஸ்கிறீம்களுக்கெல்லாம் றிப்தியே காசு கொடுத்து வாங்கினான். அக்ஸா நான்கு சாப்பிட்டாள்.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நிக்காஹ் முடிந்து, சாப்பிட்டவர்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆனால் காரைக் கண்டதும் ஈரக் கையோடு கூட்டம் வெளியே வந்தது. கேட் இரண்டு பக்கமும் அகலத் திறந்தது. மாப்பிள்ளையே வந்து கார்மேல் சாய்ந்து நின்று படம் எடுத்தார். ஹஸன் மச்சான் காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"இந்த மாதிரிக் கார் எண்டா கொஞ்சம் பிந்தித்தான் வரணும். அதுதான் மதிப்பு" என்றார். பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்த்தி, "மாசம் எவ்வளவு போகும், றிப்தி?" என்று கேட்டார்.

"அது... ஒரு பிளேன்டீக் காசு, மச்சான்."

பஹ்மா தட்டிலிருந்த புரியாணியைக் கவனமாகப் பார்த்தாள்.

அன்றைக்கு அவன் கேட்ட மதிப்பெல்லாம் கிடைத்தது. பிரச்சினை, திரும்பி வருவதில் இருந்தது. காரில் மிச்சம் இருந்தது நாலு கிலோமீற்றர். ஹஸன் வீட்டுச் சுவரில் செருகினார்கள். ஒன்றரை நாள் அங்கேயே தங்கினார்கள். கலியாண வீட்டில் ஏசியும் பிரிஜ்ஜும் ஓட வேண்டும் என்று மச்சான் இரண்டு தடவை வயரைப் பிடுங்கினார். இரண்டாம் நாள் சகோதரி காலைச் சாப்பாடு பரிமாறும்போது, "கடைய எத்தன நாளைக்குப் பூட்டி வப்ப, தம்பி?" என்று கேட்டாள். அக்கறையாகத்தான் கேட்டாள்.

கொழும்பில் பட்டரியைச் சோதித்தவர்கள் முழுவதையும் மாற்ற எண்பது லட்சம் என்றார்கள். கெட்டுப்போன துண்டை மட்டும் மாற்றலாமா என்றால், அந்தத் துண்டு கிடைத்தால் பதினாலு லட்சம், கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். றிப்தி வீட்டுக்கு வந்து பஹ்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். "வித்திடுவோம்" என்றான். அவள், "நாளைக்கே போன்ல போடுங்க" என்றாள். அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால் நன்றாயிருக்குமே என்று அவனுக்குத் தோன்றியது.

விளம்பரத்தைப் பார்த்து றக்வானையிலிருந்து ஒரு புருஷனும் மனைவியும் வந்தார்கள். தனுஷன், தனுஜா. தனுஷன் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். இன்றைக்குத் தோட்டங்களில் கொழுந்து எடுத்துப் பக்டறிக்குக் கொடுக்கும் ஆறு லொறிகளுக்குச் சொந்தக்காரன். வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். அவன் வந்து நின்றதும் கதவுக் கைபிடி நீண்டது. அவன் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்தபோது றிப்திக்குத் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

"புதுசா எடுத்தா ஆறு கோடி, தம்பி" என்று றிப்தி ஆரம்பித்தான். "பெற்றோல் இல்ல, ஒயில் மாத்திற..."

"ஒண்ணு கேக்கலாங்களா?" என்றாள் தனுஜா. "எங்க அத்தைக்கு கிட்னி வருத்தங்க. கெழமைக்கு ரெண்டு தடவ ரத்னபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். இதுல படுக்க வச்சிக் கூட்டிட்டுப் போகலாங்களா?"

றக்வானை ரோட்டு வளைவு ஒன்றில், பின்சீட்டில் ஒரு நோயாளி படுத்திருக்க, திரையில் அந்த மஞ்சள் ஆமை எரிவது றிப்தியின் கண்ணில் வந்தது. அவன் பஹ்மாவைப் பார்த்தான். அவள் உள்ளே போய்ப் பச்சை பைலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

அரை மணித்தியாலம் றிப்தி ஒன்றும் மறைக்காமல் சொன்னான். பட்டரி, மூன்று ஃபேஸ், பில், காற்றுப் பை, ஐந்து லட்சம் காப்புறுதி, குருவிட்டை ஐஸ்கிறீம் எல்லாவற்றையும். பைலைப் புரட்டிப் புரட்டிக் காட்டினான். சொல்லச் சொல்ல மனம் இலேசானது. அதேநேரம் கார் இனி விற்காது என்பதும் விளங்கியது.

தனுஷன் ஒவ்வொரு பில்லாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"ஒரு டயர் ஒண்ணரை லச்சமாங்க?"

"ஓம், தம்பி. சோடியா எடுக்கணும்."

"எங்க தோட்டத்துப் பெரிய தொர ஜீப்புக்கு நாலு டயரும் சேத்தே அவ்வளவு வராதுங்களே!" அவன் குரலில் பயம் இல்லை; பக்தி இருந்தது. "காத்துப் பை ஒன்பது லச்சமா? ஒண்ணா? தனு, கேட்டியா?"

"கேட்டேன்" என்றாள் தனுஜா.

"தம்பி, நான் விக்கிறதுக்காகச் செல்ல இல்ல. வாங்க வேணாம் எண்டு செல்றன்."

"வெளங்குதுங்க அண்ணே. உங்களுக்குக் குடுக்க மனசில்ல." தனுஷன் சிரித்தான். "செலவுக்குப் பயப்படுற ஆளுன்னு என்னைய நெனைக்காதீங்க. இத தொர பங்களா கேட்டுக்கு முன்னால ஒரு நாளு கொண்டுபோய் நிப்பாட்டுனா எனக்குப் போதும். எங்கப்பா அந்தக் கேட்டுல செருப்பக் கழட்டிட்டு நின்னவரு."

"உங்க அம்மாவ?" என்று பஹ்மா கேட்டாள். "ஆஸ்பத்திரிக்கு?"

"அம்மாவ வழக்கம்போல வேன்லயே கூட்டிட்டுப் போறேங்க. வேன நம்பலாம். இது சும்மா நிக்கட்டும்."

தனுஜா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பஹ்மா அவளுடைய கிளாஸில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள். இரண்டு பெண்களும் ஒரு தடவை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

றிப்தி தொண்ணூற்றெட்டு லட்சம் கேட்டான். குறைத்துக் கேட்டது, குற்ற உணர்ச்சியால். தனுஷன் பேரம் பேசவே இல்லை. பச்சை பைலையும் சேர்த்துக் கேட்டான். ஊரில் நாலு பேருக்குக் காட்ட வேண்டுமாம். கிழமைக்குள் காசு வந்தது. கார் ஒரு பெரிய லொறியின் முதுகில் ஏறி, மழைத் தூற்றலில், றக்வானைக்குப் போனது. பஸாரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் றிப்தியும் பஹ்மாவும் லீசிங் கணக்கை முடிக்க அவிசாவளைக்கு பஸ்ஸில் போனார்கள். வேன் ஒரு வீட்டுக்கு டைல் ஏற்றிப் போயிருந்தது. கட்டியது, கொடுத்தது, மாற்றியது எல்லாம் கூட்டினால், பதினோரு மாதத்தில் ஏறத்தாழ ஒரு கோடி காற்றில் போயிருந்தது. றிப்தி கடைசிக் கையெழுத்தை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

லீசிங் அதிகாரி ஓர் இளம் சிங்களவர், நல்ல மனிதர். "சேர் ஒரு மாசம்கூடப் பிந்திக் கட்டினதில்ல" என்று சிங்களத்தில் பாராட்டினார். "சேர் மாதிரி ஆட்களுக்கு இப்ப ஒரு விசேஷ திட்டம் இருக்கு." மேசை லாச்சியைத் திறந்து, பளபளக்கும் தாள் ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார். ஏழு பேர் இருக்கக்கூடிய பெற்றோல் ஜீப். கறுப்பு நிறம்.

றிப்தியின் கை தானாக நீண்டது. அதற்குள் பஹ்மா தாளை எடுத்து, நாலாக மடித்து, கைப்பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்துவிட்டாள்.

"இவருக்குக் கண்ணு கொஞ்சம் வருத்தம், மஹத்தயா" என்று அவளும் நல்ல சிங்களத்திலேயே சொன்னாள். "சின்ன எழுத்து ஒண்டும் தெரியாது."

வெளியே பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது றிப்தி இரண்டு தடவை தொண்டையைச் செருமினான்.

"வாங்குறதுக்கு இல்ல" என்றான். "விலை என்ன எண்டு மட்டும் பாத்தீக்கலாம்."

பஹ்மா கைப்பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். யட்டியாந்தோட்டை பஸ் வந்து நின்றது. அவள் முதலில் ஏறி, ஜன்னல் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, பைக்குமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.